இடது தோள் தாழ்ந்த இருக்கை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த கம்பெனி ஒன்றின் புகைக்கூண்டு, சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஏவுகணையாக மாறி நின்றது. அன்றைக்கு மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விலை இறங்கியிருந்தது, உளுந்து விலை ஏறியிருந்தது. பாலக்கரையில் ஒரு தண்ணீர் லாரி பழுதாகிக் குறுக்கே நின்றதால் பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போயிற்று. இத்தனை தொல்லைக்கு நடுவில் ஊர்க்காரர்கள் ஏவுகணையை நிமிர்ந்து பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவும் முழுதாக மாறவில்லை. இடுப்பளவுக்குச் செங்கல் செங்கல்லாகவே இருந்தது. பக்கவாட்டில் ஏறுவதற்கு அடித்திருந்த இரும்புப் படிகளும் அப்படியே இருந்தன. அதற்கு மேலே வெள்ளைத் தகடு, உச்சியில் புகை போகிற வாய்க்குப் பதில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கதவு. தார் உருகுகிற அந்த வெயிலிலும் அதன் உடம்பெல்லாம் உறைபனி படிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு வியாபாரி அதைச் சுரண்டி நன்னாரி சர்பத்தில் போட்டு விற்றான். குடித்தவர்கள் தீக்குச்சி வாசம் அடிக்கிறது என்றார்கள். மறுநாளும் வரிசையில் நின்று குடித்தார்கள்.

முதலில் அதன் உள்ளே போனவள் ஆதிலட்சுமி. பக்கத்துப் பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பச்சைமண் சாமான்களின் ஓரத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கிற வேலை அவளுக்கு. ப்யூஸ் கட்டையோ பிள்ளையார் பொம்மையோ, அவள் கை பட்ட பிறகுதான் சூளைக்குப் போகும். பல வருஷத்துக்கு முன் கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து இடது தோள் இறங்கிப் போயிருந்தது. மற்றபடி ஆரோக்கியமான பெண்பிள்ளை. திறந்த கதவைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது என்பது ஒன்றுதான் அவளிடம் உள்ள கெட்ட பழக்கம். அதற்காக மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அந்த வியாழக்கிழமை மத்தியானம், கூட வேலை செய்கிற பெண்கள் சோற்றைத் தின்றுவிட்டு ஏவுகணையின் குளிர்ச்சியில் முந்தானையை விரித்துத் தூங்கிக் கொண்டிருந்தபோது, இவள் படியேறி உச்சிக்குப் போய்க் கதவுக்குள் தலையை நீட்டினாள்.

உள்ளே ஓர் இருக்கை இருந்தது. உட்காரும் இருக்கை இல்லை, மல்லாந்து படுக்கும் இருக்கை. யாரோ ஒருவரின் முதுகை அச்செடுத்தது மாதிரி குழிந்திருந்தது. களைப்பில் அவள் அதில் சாய்ந்தாள். சாய்ந்ததும் விக்கித்துப் போனாள். இடது தோளுக்கு வேண்டிய பள்ளம் அங்கே இருந்தது. கொண்டைக்கு ஒரு குழி இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு சுகமாக அவள் எங்கேயும் படுத்ததில்லை. சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. கீழே, செங்கல்லுக்கும் அடியில், பெரிய மாடு ஒன்று மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி துள்ளி எழுந்தாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய புருஷன் கோதண்டபாணியிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள், தட்டிப் பார்த்தார்கள், இது எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாத உருப்படி, ஆகவே எங்கள் கணக்கிலும் வராது என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கொண்டு போய்விட்டார்கள். விவரம் சொன்னவர் பாலிடெக்னிக் வாத்தியார் பிரவீன்குமார்தான். அந்தக் காலத்தில் இரண்டு பெரிய தேசங்கள் ஒன்றன் ஊர்களை ஒன்று எரிப்பதற்காக இப்படிப்பட்ட ஏவுகணைகளைச் செய்தன. அப்புறம் யார் முதலில் மனிதனை வானத்துக்கு அனுப்புவது என்று போட்டி வந்தபோது, புதிதாக ஒரு வாகனம் செய்ய நேரமில்லாமல், இதே ஏவுகணையின் தலையிலிருந்து குண்டை இறக்கிவிட்டு ஆளை ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் ஆளைப் படுக்க வைத்து, பிளாஸ்டரில் முதுகை அச்செடுத்து, அவரவர் அளவுக்கு இருக்கை வார்த்தார்கள். வெள்ளோட்டம் விட்டபோது நின்ற இடத்திலேயே வெடித்தவை எத்தனையோ. எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பார்த்துத்தான் ஒவ்வொருவனும் ஏறியிருக்கிறான். இந்த ஏவுகணைக்கு என்று அளவெடுத்த ஆள் வந்து சேரவில்லை போலிருக்கிறது, அறுபது வருஷமாக ஆளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது என்றார் வாத்தியார். கூட்டத்தில் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆதிலட்சுமி முந்தானையை எடுத்து இடது தோளை மூடிக் கொண்டாள்.

அப்போது அது சாய ஆரம்பித்திருந்தது. பகலில் ஏறக்குறைய நேராக நிற்கும். பொழுது சாய்ந்ததும் ஊரை ஒட்டிய பூதாமூர் பக்கமாக மூக்கைத் தாழ்த்தும். ஞாயிற்றுக்கிழமையானால் நாள் முழுக்கச் சாய்ந்தே நிற்கும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தது. ஆதிலட்சுமியின் வீடும் பூதாமூரில்தான் இருந்தது. ஆனால் பூதாமூரில் எத்தனையோ வீடு, யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எதற்காகச் சாய்கிறது என்று பிரவீன்குமாரைக் கேட்டார்கள். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக் கொண்டு, "ஆளு இருந்தா அது வண்டிங்க. ஆளு இல்லன்னா அதுக்கு ஊரு மேல வுழற பழைய வேலதான் தெரியும்" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே அவர் குடும்பத்தை இதே மாவட்டத்து மங்களூருக்கு அனுப்பிவிட்டார் என்பது தெரிந்ததும் ஊர் கலகலத்துப் போயிற்று. பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். மீதிப் பேருக்குப் போக்கிடம் இல்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்த கம்மாபுரத்துக்காரர்கள் டூவீலரில் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "எங்கள எழுப்பறதுக்கு நோட்டீஸ் வந்துச்சு, ஒங்களுக்கு ராக்கெட்டே வந்துருக்குது, நீங்க பெரிய ஆளுங்கதாம்பா" என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தவன் பேசினால் திருப்பிச் சொல்ல முடியாது.

முதலாளிகள் சங்கத் தலைவர் ராஜாங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். ஊரில் உள்ள அத்தனை பேரும் டோக்கன் வாங்கிக் கொண்டு ஏறி, அந்த இருக்கையில் படுத்துப் பார்க்க வேண்டும். யாருக்குப் பொருந்துகிறதோ அவர் ஊரைக் காப்பாற்ற வேண்டும். முதலில் அவரே ஏறினார். பாதி உடம்புதான் உள்ளே போயிற்று, இறக்குவதற்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள். பொருந்தாமல் இறங்கியவர்கள் சிரித்த முகமாக மிட்டாய் கொடுத்தார்கள். சிலர் நேராக மணிமுத்தாற்றங்கரைக்குப் போய் விருத்தகிரீஸ்வரருக்குத் தேங்காய் உடைத்தார்கள். கோதண்டபாணி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், பல்லிக்குப் பயப்படுகிறவன். அவனும் ஏறிப் படுத்து, சட்டை நனைந்து இறங்கினான். ஆதிலட்சுமி மட்டும் போகவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்றாள், ஒரு நாள் வீட்டுக்குத் தூரம் என்றாள், ஒரு நாள் டோக்கன் தொலைந்துவிட்டது என்றாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். சன்னல் வழியாக அந்த வெள்ளை மூக்கு தெரியும். உடனே சன்னலையும் சாத்துவாள். சோறு இறங்கவில்லை.

ஒருவருக்கும் பொருந்தவில்லை என்றதும் ராஜாங்கத்துக்கு இன்னொரு யோசனை வந்தது. வேறெந்த ஊர்க்காரனுக்கும் வராத யோசனை. குழி என்று ஒன்றைக் கண்டால் அதில் களிமண் கூழை ஊற்றிப் பார்க்கத் தோன்றுவது இந்த ஊர்ப் புத்தி. "ஆளு கெடைக்கலன்னா செஞ்சிற வேண்டியதுதான், நம்மகிட்ட மண்ணுக்கா பஞ்சம்?" என்றார். வாளி வாளியாகக் கூழை மேலே ஏற்றி இருக்கையில் ஊற்றினார்கள். பிளாஸ்டர் அச்சு மாதிரி இருக்கை தண்ணீரை உறிஞ்சிக் கொண்டது, கூழ் இறுகியது. இரண்டு நாள் கழித்துப் பெயர்த்து, கயிறு கட்டி இறக்கி, கோதண்டபாணியின் குட்டியானையில் வைக்கோல் பரப்பி ஏற்றிக் கொண்டுவந்து, ஓரம் சீவுவதற்காக ஆதிலட்சுமியின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

முகம் இல்லை, மார்பு இல்லை, பின்பக்கம் மட்டும் உள்ள பச்சைமண் ஆள். தன் முதுகை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ஆதிலட்சுமி அன்றைக்குப் பார்த்தாள். இடது தோள் இறங்கியிருந்தது, கொண்டை முடிச்சுகூடத் தெரிந்தது. ஈரத்தில் மண் இப்படித் தொய்வது உண்டு, அதனால் கூட இருந்தவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் யார் எப்போது நிமிர்ந்து இவள் தோளையும் அதன் தோளையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கத்தியை எடுத்தாள். வலது தோளைச் சீவி, அந்த மண்ணை இடது தோளில் அப்பி, இரண்டையும் சமமாக்கினாள். கொண்டையை மழித்துப் பஞ்சால் துடைத்தாள். தன்னையே அறுக்கிற மாதிரி இருந்தது, அழுகை வந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. ராஜாங்கம் வந்து பார்த்து, "சோலின்னா இது சோலி, என்னா சுத்தம்!" என்று மெச்சிவிட்டுப் போனார்.

சூளையில் வேக வைத்து, மாலை போட்டு, மேளம் வைத்து மேலே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். மண் சூளையில் சுருங்கும் என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் அத்தனை பெரிய மனிதர்களுக்கும் அது மறந்து போயிற்று. பீங்கான் ஆள் இருக்கையில் கடகடவென்று ஆடினான். ஏவுகணை உடம்பை ஒரு உதறு உதறி அவனை வெளியே தள்ளியது. விழுந்து சில்லு சில்லாகப் போனான். அன்று சாயங்காலம் அது சாய்ந்த சாய்வில் பூதாமூர்ப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். சுருங்கியதால்தான் பொருந்தவில்லை என்று எல்லோரும் தலையில் அடித்துக் கொண்டார்கள். தான் சீவிய தோளால்தான் என்று ஆதிலட்சுமி ஒருத்தி நினைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

மனிதனால் ஆகாததைச் சாமியிடம் கொண்டு போவது வழக்கம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், தீராத வழக்கை எல்லாம் பிராது மனுவாக எழுதிச் சாமி முன் வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். களவு கொடுத்தவன், கடன் கொடுத்து ஏமாந்தவன், மருமகளைத் திருத்த வேண்டியவள் எல்லோரும் கட்டுவார்கள். எதிராளி எங்கே இருந்தாலும் சாமி கூட்டி வந்து நிறுத்திவிடுவார். காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். ஊர் சார்பில் ராஜாங்கம் போய், அந்த இருக்கைக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் தானாக முன்வர வேண்டும் என்று எழுதிக் கட்டிவிட்டார். செய்தி ஆதிலட்சுமிக்கும் வந்து சேர்ந்தது. ஊரிடமிருந்து ஒளியலாம், கொளஞ்சியப்பரிடமிருந்து ஒளிந்தவர் கிடையாது.

மறுநாள் காலை அவள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவள் எழுந்த பிறகும் அவள் முதுகாகவே குழிந்து நின்றது. இடது பக்கம் இறக்கம், மேலே கொண்டைக்குக் குழி. அடுத்த நாற்காலியும் அப்படியே ஆயிற்று. கயிற்றுக் கட்டில், கம்பெனி பெஞ்சு, சாய்ந்து நின்ற சுவர்கூட ஆயிற்று. கோதண்டபாணி டீ குடிக்க நாற்காலியில் உட்கார்ந்தான், முதுகு பொருந்தவில்லை. அடுத்ததில் உட்கார்ந்தான், அதுவும் பொருந்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் குந்தினான்.

"நான்தாங்க அது" என்றாள் ஆதிலட்சுமி.

"தெரியும் புள்ள. மண்ண வண்டியில ஏத்தும்போதே தெரியும். ஒன் முதுவு எனக்குத் தெரியாதா? சொன்னா புடிச்சிக்கினு போயிடுவாங்களேன்னு வாயத் தொறக்காம இருந்தன்."

"பயமா இருக்குதுங்க."

"எனக்கு மட்டும் இல்லியா?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். ஒரே வீட்டுக்குள் ஒரே பயத்தை ஆளுக்கு ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்ததை நினைத்து நடுவில் ஒரு தடவை சிரிப்பும் வந்தது. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த மகள் தென்றல் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். தென்றல் மாசமாக இருந்தாள். பஸ்ஸில் ஆதிலட்சுமி சாய்ந்து வந்த சீட்டில் அவளுக்கு அப்புறம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முதுகுவலி என்று கண்டக்டரிடம் சண்டை போட்டார்கள். பெண்ணாடத்தில் இறங்கியதும் சர்க்கரை ஆலை வாசம் அடித்தது. அவளுக்கு அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது. மகள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் ராஜாங்கம் போன் செய்தார். "கோதண்டம், கொளஞ்சியப்பரு கண்ணத் தொறந்துட்டாருய்யா! மூக்கு இப்ப நம்ம ஊரப் பாக்கல. அப்பிடியே திரும்பிப் பெண்ணாடம் பக்கம் சாஞ்சிருச்சி!" என்றார். பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது. கோதண்டபாணி போனை வைக்காமல் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் மகளைப் பார்த்தாள். தென்றல் ஒன்றும் அறியாமல், அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, சாய முடியாமல் நெளிந்து கொண்டிருந்தாள். பகலில் கம்பெனிப் பக்கம் நேராக நின்றதும், பொழுது போனால் பூதாமூரைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்கச் சாய்ந்து கிடந்ததும் ஆதிலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. அது எந்த ஊரையும் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் எங்கே போய் ஒளிந்தாலும், அந்த ஊரின் தலையில்தான் விழும்.

அவள் எழுந்தாள். தலைவாரிக் கொண்டையை இறுக்கி முடிந்தாள். "போயிட்டு வரேன்டி, ஒடம்பப் பாத்துக்க" என்று மட்டும் மகளிடம் சொன்னாள். திரும்புகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கரும்புக்கொல்லைகளுக்கு மேலே தூரத்தில் சாய்ந்து தெரிந்த அந்த வெள்ளை மூக்கு, பஸ் கிட்டே வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

வழியில் மணவாளநல்லூருக்குப் போக வேண்டும் என்றான் கோதண்டபாணி. கோயிலில் காகிதம் வாங்கி எழுத உட்கார்ந்தான். யார் மேல் பிராது என்று கேட்டார் அர்ச்சகர்.

"ராக்கெட்டு மேலங்க சாமி. கூட்டிக்கினு போவட்டும், வேணாங்கல. திரும்பக் கொண்டாந்து வுடணும்."

பிராதில் எதிராளியின் ஊர் கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுத வேண்டும் என்பது முறை. மேலே எவ்வளவு தூரம் என்று தெரியவில்லையே என்று அவன் கையைப் பிசைந்தான். அர்ச்சகர் யோசித்துவிட்டு, "ஒன் வூட்டுத் தூரத்த எழுதுப்பா, வந்து சேர வேண்டிய எடம் அதுதான?" என்றார். அவன் பூதாமூர் தூரத்தை எழுதி, விபூதியை மடித்து வைத்து, வேலில் மூன்று முடிச்சாகக் கட்டினான்.

அவள் இரும்புப் படியில் ஏறியபோது, செய்தி கேள்விப்பட்டுத் தொழிற்பேட்டையே கூடி நின்றது. ராஜாங்கம் அப்போதுதான் அவள் தோளைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டார். ஒவ்வொரு படிக்கும் அவள் நின்றாள். இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தாள். உள்ளே போய்ப் படுத்ததும் தோள் பள்ளத்தில் அமர்ந்தது, கொண்டை குழியில் அமர்ந்தது, கதவு தானாகச் சாத்திக் கொண்டது. கீழே அதே பெரிய மாடு மூச்சு விட்டது, அப்புறம் கத்தியது, அப்புறம் ஆயிரம் சூளையை ஒன்றாகத் திறந்தது போலச் சத்தம். தொழிற்பேட்டையில் அலமாரிகளில் இருந்த பிள்ளையார்களும் கிருஷ்ணர்களும் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றார்கள். ஒன்றுகூட உடையவில்லை.

மேலே போகிறவளுக்கு நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றினாற்போல் அழுத்தியது, பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டது. வளையல் கையைவிட்டு எழும்பி மிதந்தது. அழுதாள். கண்ணீர் வழியாமல் கண்ணிலேயே உருண்டையாக நின்றது, முந்தானையால் ஒற்றி எடுத்தாள். சின்னச் சன்னலில் நெய்வேலிச் சுரங்கம் கறுப்பாகத் தெரிந்தது, கடல் தெரிந்தது, அப்புறம் என்ன ஊர் என்று தெரியாத ஊர்கள். பெயர் தெரியாத ஒரு பெரிய பட்டணம் கீழே வந்தபோது ஏவுகணையின் மூக்கு மெல்லக் குனிந்தது. பழைய புத்தி. அந்தப் பட்டணத்திலும் ஒருத்தி நாற்காலியில் சாய முடியாமல் நெளிந்து கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். தன் உயிரை மறந்து, இருக்கையின் ஓரத்தை ஓங்கி அறைந்து, "யே! எங்க குனியற? ஆளு இருக்கன் இல்ல? நேரா போ!" என்று கத்தினாள். வயலில் வாய் வைத்த மாட்டை அதட்டுகிற குரல் அது. ஏவுகணை திடுக்கிட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு நிமிர்ந்து, நேராகப் போயிற்று.

சாயங்காலம் அந்தச் சின்ன அறை மட்டும் தனியாக, பாராசூட் குடை விரித்து, மணிமுத்தாற்று மணலில் வந்து உட்கார்ந்தது. கோதண்டபாணி குட்டியானையில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டு போனான். வழியெல்லாம் அவள் அவன் கையை விடவில்லை, அவன் ஒரு கையாலேயே ஓட்டினான். மறுநாள் காலை புகைக்கூண்டு இருந்த இடத்தில் ஏவுகணை, உச்சியில் அறையும் கதவுமாக, முன்போலவே நின்றது. நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. ராஜாங்கம் மணவாளநல்லூருக்குப் போய் ஊர்ப் பிராதை வாபஸ் வாங்கிக் கொண்டார். மங்களூர் போனவர்கள் திரும்பினார்கள். தென்றலுக்குப் பெண் பிறந்தது. மல்லாட்டை விலை கொஞ்சம் தேறியது.

இப்போது சில மாதத்துக்கு ஒரு தடவை அது லேசாகச் சாய்கிறது. யாராவது கம்பெனி வாசலில் நின்று, தண்ணீர்த் தொட்டி காலி என்று சொல்கிற மாதிரி, "ஆதிலட்சுமி, சாயுதும்மா" என்று குரல் கொடுக்கிறார்கள். அவள் பஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டு எழுகிறாள். அன்றைக்குப் புழுதிக்குப் பயந்து பெண்கள் காயப்போட்ட துணியை உள்ளே எடுக்கிறார்கள், டீக்கடைக்காரர் பாலை மூடி வைக்கிறார். பழகியிருக்குமே என்று கேட்கிறவர்களிடம், "எங்க பழகுது? கை நடுங்குது பாருங்க" என்று நீட்டிக் காட்டுகிறாள், நடுங்கத்தான் செய்கிறது. பிறகு புருஷனிடம் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஏறுகிறாள். கோதண்டபாணி கட்டிய பிராது மட்டும் இன்னும் முனியப்பர் வேலில் தொங்குகிறது. வெயிலில் வெளுத்து எழுத்தெல்லாம் போய்விட்டது. அதான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்துவிடுகிறாளே, வாபஸ் வாங்கக் கூடாதா என்று அர்ச்சகர் கேட்டால், வழக்கு இன்னும் முடியலயே சாமி என்கிறான்.